மாமா போடாத கையெழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பூர் வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப்பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து அத்தை போன்.

"எய்யா, உன் கையெழுத்து ஒண்ணு வேணும். எப்ப வருத?"

"எதுக்கு அத்தே?"

"மாமாவுக்குத்தான்."

மாமா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்கு எதற்கு என் கையெழுத்து? அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் கொஞ்சம் பொட்டி தட்டுகிற சமாசாரமும் வரும். பயந்து ஓடிவிடாதீர்கள், வீட்டில் எல்லாருக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப் பார்க்கிறேன்.

1998-ல் நெல்லைப் பக்கத்திலிருந்து தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். கையில் ஒரு ரெக்ஸின் பை, டிப்ளமா சர்ட்டிபிகேட், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு. இந்தி 'நஹி மாலும்' அளவுக்குத்தான் தெரியும். தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அத்தை வீடு. கீழே இட்லிப் பட்டறை, மேலே ஏணி ஏறிப் போனால் படுக்கிற இடம். மாமா விடிகாலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார். ஆறு மணிக்கெல்லாம் பையன்கள் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தச் சந்தில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில்.

வேலை கிடைத்தது. சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் காலத்தில் கணக்குத் திறக்க வேண்டுமென்றால் ரேஷன் கார்டு, போட்டோ மட்டும் போதாது. அதே வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், 'இவரை எனக்குத் தெரியும்' என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ட்ரடியூசர் என்பார்கள். பிற்பாடு ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் வந்து அந்த வழக்கம் போய்விட்டது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஆதாரும் ஓடிபியும்தான் தெரியும்.

மாட்டுங்காவில் இருந்த வங்கிக் கிளைக்கு மாமா என்னோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தில் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். மதுரைக்காரன், தங்கமான பையன். அவனுக்கும் கணக்குத் திறக்க வேண்டும்.

மாமா விண்ணப்பத்தைத் தொடவே இல்லை.

"மாமா, எனக்கு நல்லாத் தெரியும் இவனை. நான் சொல்லுதேன்லா?"

"மாப்ளே, உன்னை எனக்குத் தெரியும். அவனை உனக்குத் தெரியும். ரெண்டையும் சேத்தா, அவனை எனக்குத் தெரியும்னு ஆயிருமால?"

நண்பன் முகம் செத்துப் போனது. நான் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தைதான் விஷயத்தைச் சொன்னாள். பல வருடங்களுக்கு முன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார் என்று முன்பின் தெரியாத ஒருவனுக்கு மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டாராம். அவன் ஒரே ராத்திரியில் ஊரைவிட்டே ஓடிவிட்டான். சிபாரிசு செய்த ஊர்க்காரரோ, 'நான் வாயாலதானே சொன்னேன், போட்டது நீர்தானே' என்று கையை விரித்துவிட்டார். அந்தக் கடனை இட்லி விற்றே ஆறு வருடம் அடைத்திருக்கிறார் மாமா.

இது நிற்கட்டும். இப்போது பொட்டி தட்டுகிற பகுதிக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் ரகசியமாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பழைய வழியில் இருவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவியை எப்படி ரகசியமாக அனுப்புவது என்பதே பெரிய தலைவலி. 1970-களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. ஒன்று பொதுச் சாவி, அதை ஊருக்கே கொடுக்கலாம். இன்னொன்று அந்தரங்கச் சாவி, அது உங்கள் பெட்டியை விட்டு வெளியே போகக்கூடாது. பொதுச் சாவியால் பூட்டியதை அந்தரங்கச் சாவியால் மட்டுமே திறக்க முடியும். அந்தரங்கச் சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

1991-ல் அமெரிக்காவில் ஃபில் ஜிம்மர்மன் என்பவர் இதைச் சாதாரண ஆட்களும் பயன்படுத்தும்படி பிஜிபி என்ற மென்பொருளாக எழுதி வெளியிட்டார். அதே வேலையைச் செய்யும் சுதந்திர மென்பொருளாக ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதிய குனு பிஜி 1999-ல் 1.0 என்ற நிலைக்கு வந்தது. கருப்புத் திரையில் 'ஜிபிஜி' என்று அடித்தால் வருவது இதுதான். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும், அது பதில் சொல்லும்.

'ஃபுல் ஜெனரேட் கீ' என்று கட்டளை கொடுத்தால் என்ன வகைச் சாவி, எவ்வளவு காலத்துக்கு, உங்கள் பெயர் என்ன, மின்னஞ்சல் என்ன என்று வரிசையாகக் கேட்கும். பிறகு ஒரு கடவுச்சொற்றொடர். அவ்வளவுதான், சாவி தயார். கூடவே சாவி தொலைந்தால் ஊருக்கு அறிவிக்க ஒரு ரத்துச் சான்றையும் இப்போதைய பதிப்புகள் தானாகவே செய்து வைத்துவிடுகின்றன. அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

கவனித்தீர்களா? பெயர் என்ன என்று கேட்டதே தவிர, அந்தப் பெயர் உங்களுடையதுதானா என்று அது கேட்கவே இல்லை. நான் நாளைக்கே பிரதமர் பெயரில் ஒரு சாவி செய்யலாம். ஜிபிஜி மறுப்பே சொல்லாது. சாவி செய்வது இரண்டு நிமிட வேலை. இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? உண்மையான தலைவலி இதுதான்.

இதற்கு உலகத்தில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சர்க்கார் வழி. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, கன்ட்ரோலரிடம் உரிமம் வாங்கிய சான்றளிப்பு நிறுவனங்கள் உங்கள் ஆவணங்களைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும். டெண்டர் போடுபவர்களும் ஆடிட்டர்களும் யுஎஸ்பி குச்சியில் வைத்திருக்கிறார்களே, அந்த டிஎஸ்சி. மேலே ஒரு பெரியவர், அவர் சொன்னால் எல்லாரும் நம்ப வேண்டும்.

இன்னொன்று ஜிம்மர்மன் சொன்ன வழி. பெரியவரே வேண்டாம். என்னை நேரில் தெரிந்தவர் என் பொதுச் சாவியின் மேல் தன் சாவியால் ஒரு கையொப்பம் போடுவார். அவரைத் தெரிந்த இன்னொருவர் அதைப் பார்த்து என்னை நம்புவார். நம்பிக்கை வலை என்பார்கள். படித்தவுடன் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வங்கி இன்ட்ரடியூசர்! தாராவியில் ஊர்க்காரன் சொல்லி வேலை, ஊர்க்காரன் சொல்லி வீடு என்று எத்தனை தலைமுறையாக நடக்கிறது.

2006-ல் முதல் முறையாக என் சாவிக்குக் கையொப்பம் வாங்கினேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹோட்டலில், ஃபில்டர் காபிக்கு நடுவில். எதிரில் நம்மூர்க்காரர் ஒருவர், டெபியன் திட்டத்துக்கு வேலை செய்ய ஆசைப்பட்டவர். அங்கே உள்ளே போக வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கையொப்பம் நம் சாவியில் இருக்க வேண்டும். அப்போது நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அவர்கள் எந்த ஊருக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு ரயில் ஏறுவார்கள். 2023 செப்டம்பரில் டெபியனின் வருடாந்திர மாநாடே கொச்சிக்கு வந்தது. அன்றைக்கு அதெல்லாம் கனவு.

மேஜை மேல் இரண்டு பாஸ்போர்ட். பக்கத்தில் இரண்டு துண்டுச் சீட்டு. சீட்டில் அச்சடித்திருப்பது சாவியின் கைரேகை: 40 எழுத்துகள், நாலு நாலாகப் பத்துக் கூறு, 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும். சாவி முழுவதையும் வாயால் படித்துக் காட்ட முடியாது, அதனால் அதன் சுருக்கமாக இந்தக் கைரேகை. 'ஃபிங்கர் பிரின்ட்' என்று கட்டளை கொடுத்தால் திரையில் வரும். காபி கொண்டுவந்தவர் பாஸ்போர்ட்டையும் சீட்டையும் பார்த்த பார்வை இருக்கிறதே, துபாய்க்கு ஆள் கடத்துகிறவர்கள் என்றே முடிவு கட்டியிருப்பார் :-)

அங்கே ஒரு சிக்கல். என் சாவியில் நம் வழக்கப்படி இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. பம்பாய்க்கு வந்த தமிழர் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். 'சர்நேம் க்யா ஹை?' என்று கேட்டுக் கேட்டு, அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி நம்மைக் கூப்பிடுவார்கள்.

எதிரில் இருந்தவர் தயங்காமல் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இந்தப் பெயருக்கு நான் கையொப்பம் போட மாட்டேன். ஆதாரத்துல இருக்கிற பெயருக்குத்தான் போடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாமா ஞாபகம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஒரே சாவிக்குள் பல பெயர் அடையாளங்கள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையொப்பம் போடலாம். வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட் பெயரை இன்னொரு அடையாளமாகச் சேர்த்தேன். அவர் என் கைரேகைச் சீட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், இணையத்திலிருந்து இறக்கிய சாவியோடு 40 எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'சைன் கீ' கட்டளையால் அந்த ஒரு பெயருக்கு மட்டும் கையொப்பம் போட்டு, அதைப் பூட்டி என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். ஏன் பூட்டி? அந்த முகவரிக்கு வந்ததை என் அந்தரங்கச் சாவியால் திறக்க முடிந்தால்தானே முகவரியும் சாவியும் ஒரே ஆளிடம் இருப்பது உறுதியாகும்.

அவர் அனுப்பியதைச் சேர்த்துக்கொண்டு 'செக் சிக்ஸ்' என்று தட்டினேன். அவர் பெயருக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. கையொப்பம் செல்லும் என்று அதற்கு அர்த்தம். கழித்தல் குறி வந்திருந்தால் செல்லாது.

ஜிபிஜியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது இரண்டு கேள்வியைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. 'இந்தச் சாவி இவருடையதுதானா?' என்பது ஒன்று. 'இவர் அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் நம்பலாமா?' என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கையொப்பம். இரண்டாவதற்கு நீங்கள் மனசுக்குள் வைத்திருக்கும் மதிப்பெண். அதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். முழுசாக நம்பும் ஒருவர் கையொப்பமிட்டிருந்தால் போதும். அரைகுறையாக நம்புகிறவர்கள் என்றால் மூன்று பேர் வேண்டும். சங்கிலி 5 கண்ணிக்கு மேல் போனால் ஏற்காது. இதெல்லாம் அது வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு, மாற்றிக்கொள்ளலாம்.

'உன்னை எனக்குத் தெரியும், அவனை உனக்குத் தெரியும்' என்று மாமா சொன்னது இதைத்தான். நான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 22 வயசுப் பையனின் ஆள் பார்க்கும் திறமைக்குத்தான் மதிப்பெண் போடவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். இத்தனை வருடமாக இதை எழுத மனசு வரவில்லை.

2013. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம். எங்கள் ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் பார்ப்பது ஒரு வெளி நிறுவனம். மாதக் கடைசியில் 600 பேருக்கு மேலானவர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் அடங்கிய கோப்பை அவர்களின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புவோம். ஒரு மாதம் அவர்களிடமிருந்து என்று ஒரு மின்னஞ்சல். 'எங்கள் சர்வர் மாறிவிட்டது, பழைய சாவி இனி செல்லாது, புதிய சாவியை இணைத்திருக்கிறோம், புதிய முகவரிக்கு அனுப்பவும்.'

அன்றைக்கு எனக்கு ஆணி அதிகம். ஹார்பர் லைனில் குர்லாவைத் தாண்டும்போது என் டீமில் இருந்த பெண் போன் செய்தாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"சார், புது சாவியைச் சேத்துட்டேன். ஆனா ப்ரோக்ராம் நிக்குது. இந்தச் சாவி பேர்ல இருக்கிறவங்களோடதுதான்னு உறுதி இல்லேன்னு சொல்லுது. சைன் பண்ணினாதான் போகும்."

"பண்ணிடும்மா."

"கைரேகையை அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா சார்?"

வண்டியில் கூட்டம். ஒரு கையில் கம்பி. மணி ஏழரை. நான் சொன்னேன்:

"கேட்டாச்சு, கேட்டாச்சு. நான் சொல்றேன்ல, போட்டுடு."

கேட்கவில்லை. பொய்.

மூன்றாம் நாள் அந்த வெளி நிறுவனத்திலிருந்து போன்: 'இந்த மாதக் கோப்பு இன்னும் வரவில்லையே?' எனக்குக் கால் இரண்டும் கழன்றுவிட்டது. சர்வர் மாறவில்லை. சாவியும் மாறவில்லை. அவர்கள் அப்படி மின்னஞ்சலே அனுப்பவில்லை. 600 பேரின் விவரம் யாரிடமோ போய்விட்டது, அதுவும் நாங்களே பூட்டி, அவன் மட்டும் திறக்கிற மாதிரி! யார் பணமும் போனதாகத் தகவல் வரவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

விசாரணைக் கூட்டம். சாவிக்குக் கையொப்பம் போட்ட பதிவு திரையில் இருக்கிறது. அதில் இருப்பது அவள் பெயர். மேலதிகாரி கேட்டார். அவள் மெல்ல, "சார் சரிபார்த்தாச்சுன்னு சொன்னாங்க" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலை எடுத்தேன். 'ஞாபகம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று வாயில் வந்தது. கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து ஆட்டோ பிடித்து தாராவிக்குப் போனேன். மாமா அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, கைரேகை எதுவும் அவருக்குப் புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முதல் ஈடு இட்லியை இறக்கி வைத்துவிட்டு, நீராவிக்கு நடுவிலிருந்து கேட்டார்:

"கையெழுத்து அந்தப் புள்ளையுது. வாக்கு யாருது மாப்ளே?"

அவ்வளவுதான் பேச்சு. நாலு இட்லி வைத்தார், தின்றுவிட்டுக் கிளம்பினேன். சிபாரிசு செய்துவிட்டுக் கையை விரித்த அந்த ஊர்க்காரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே உறைத்தது.

காலையில் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, அந்த வருடம் பதவி உயர்வு இல்லை. அவள் மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? அவள் அப்பா ஓய்வு பெற்றவர், வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

என் மாதிரி ஏமாந்தவர்கள் உலகத்தில் நிறைய. 2016-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே போலிச் சாவி ஒன்று பொதுச் சாவிக் கிடங்குகளில் இருந்தது தெரியவந்தது. 40 எழுத்தில் கடைசி 8 எழுத்து அவருடைய உண்மையான சாவியோடு அப்படியே பொருந்தும். எட்டை மட்டும் பார்த்தால் போதும் என்று சோம்பல்பட்டவர்களுக்கு அது பாடம். அதே வருடம் பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்து, விஷம் வைத்த கோப்பை இறக்கும்படி இணைப்பை மாற்றிவிட்டார்கள். இணையதளமே திருடன் கையில் இருந்தால் பக்கத்தில் போட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணையும் அவனே மாற்றிவிட முடியும். தனி இடத்திலிருந்து வாங்கி வைத்த பொதுச் சாவியை வைத்து 'வெரிஃபை' செய்தால்தான் தப்பிக்கலாம்.

அதிலும் ஒரு எல்லை உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் ஒருவர் பின்வாசல் வைத்தது தெரியவந்தது. வருடக்கணக்கில் நல்லவர் மாதிரி வேலை செய்து பொறுப்பைக் கைப்பற்றியவர் அவர். விஷம் கலந்த கோப்பில் அவருடைய கையொப்பம் இருந்தது, 'வெரிஃபை' செய்தால் சரி என்றே வந்தது. கையொப்பம் 'இன்னார் போட்டது' என்று மட்டும்தான் சொல்லும். இன்னார் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. ஏதோ அரை விநாடி தாமதம் உறுத்துகிறதே என்று நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரு பொறியாளரால்தான் விஷயம் வெளியே வந்தது.

தெரியாதவர் ஒருவரின் கோப்பைச் சரிபார்த்தால் ஜிபிஜியும் இதைத்தான் சொல்லும். முதல் வரியில் 'நல்ல கையொப்பம்'. அடுத்த வரியில் எச்சரிக்கை: இது பெயரில் உள்ளவருடையதுதான் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. எல்லாரும் முதல் வரியைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்து போய்விடுவார்கள். நானும்தான்.

கையொப்பம் போடும்போது 'எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாய்?' என்று கேட்கும்படியும் ஜிபிஜியை அமைக்கலாம். நாலு விடைகள். 0 என்றால் சொல்ல விரும்பவில்லை. 1 என்றால் சரிபார்க்கவே இல்லை. 2 என்றால் மேலோட்டமாக. 3 என்றால் மிகவும் கவனமாக. 2013-க்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அணைத்ததே இல்லை.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். இப்போது வேறு நாட்டில், பெரிய வேலையில் இருக்கிறாள். புதுச் சாவி செய்திருக்கிறாள், கையொப்பம் வேண்டுமாம். 'உங்ககிட்டதான் முதல்ல கேக்கணும்னு தோணிச்சு சார்.' நான் உடனே போடவில்லை. வீடியோவில் கூப்பிட்டேன். முதல் நாலு எழுத்தை அவள் படித்தாள், அடுத்த நாலை நான் படித்தேன், அதற்கடுத்ததை அவள். பத்தாவது கூறு முடிந்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்போ போடுங்க சார்" என்று சிரித்தாள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயே இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அத்தை டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். ரேஷன் கார்டு, பழைய மின் ரசீது, வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கின்றன. எல்லாம் மாமா பெயரில். ஆனால் மூன்றிலும் மூன்று பெயர்! ஒன்றில் அப்பா பெயர் முன்னால். ஒன்றில் பின்னால். ஒன்றில் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. மராத்தி எழுத்தில் எழுதியவர் நம் ழகரத்தை எப்போதோ ளகரமாக்கியிருந்தார். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அத்தை அஃபிடவிட் கொடுக்க வேண்டும். மாமாவைத் தெரிந்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கே போனேன். இப்போதும் பட்டறை ஓடுகிறது, பையன் பார்த்துக்கொள்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்தேன். ரேஷன் கார்டில் முகவரி, வயசு, குடும்பத்தில் யார் யார் என்று பார்த்தேன். மின் ரசீதில் வீட்டு எண்ணைப் பார்த்தேன். வாக்காளர் அட்டையில் போட்டோவைப் பார்த்தேன், அதே கண்ணாடி. அப்புறம் என் பழைய வங்கி விண்ணப்பத்தின் நகலை வீட்டிலிருந்து தேடிக் கொண்டுபோயிருந்தேன். அதில் இருக்கும் தமிழ்க் கையெழுத்தையும் ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்தின் சுழி இரண்டிலும் ஒரே மாதிரி கீழே இறங்கி நின்றது.

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய்யா, உன் மாமாவ உனக்குத் தெரியாதா? ஒரு கையெழுத்துப் போட இம்புட்டு நேரமா?"

"தெரியும் அத்தே. இருந்தாலும் பாத்துத்தான் போடணும்."

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுக மாதிரியே பேசுதான் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே இட்லி எடுக்கப் போனாள்.

மூன்று பெயருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான்.

பி.கு.: வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிபிஜி எல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் 'அப்பா, என் நம்பர் மாறிவிட்டது, இதுதான் புது நம்பர், அவசரமாகப் பணம் அனுப்பு' என்று செய்தி வந்தால், அது எனக்கு வந்த புதுச் சாவி மின்னஞ்சலின் தம்பிதான். பழைய நம்பருக்கே ஒரு போன் போட்டுக் குரலைக் கேளுங்கள். வாட்ஸப்பில் ஒவ்வொரு பேச்சுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பிள்ளை ஊருக்கு வரும்போது இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.